சுண்டுவிரல் நுழைய இடம்

கையில் வளையல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது வளையலே இல்லை, வாளிக்கு மாட்டுகிற வளையம் என்பது என் கட்சி. கோவில்பட்டி பஜாரில் இருபத்தெட்டு வருஷமாக வளையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு கையைப் பிடித்துப் பார்த்தால் போதும், டூ ஃபோரா டூ சிக்ஸா என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் டூ சிக்ஸ் கொடுக்கிற கைக்கு நான் ஒரு சைஸ் சின்னதாக டூ ஃபோர் ஏற்றி அனுப்புவேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, எலும்பை ஒரு திருகு திருகி ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் கையோடு பிறந்த மாதிரி நிற்கும். வளைகாப்புக்கு வளையல் எடுக்கச் சுற்றுப்பட்டி ஊரெல்லாம் என்னைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட வந்தவர்தான் அந்த நர்ஸம்மா.

பேர் வேண்டாம். இன்னும் எங்கேயோ ஒரு ஊரில் வேலையில்தான் இருக்கிறார். என் வாயால் அவருக்கு ஒரு தொந்தரவு வர வேண்டாம். விளாத்திகுளம் பஸ் போகிற வழியில் நாலைந்து ஊர்களுக்கு அப்போது அவர்தான் கிராம நர்ஸ். குட்டை உருவம், கட்டையான உடம்பு, குரல் மட்டும் மில் சங்கு. ஸ்கூட்டியை என் கடை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டுத்தான் பஜாரில் மற்ற வேலையைப் பார்ப்பார். ‘இங்கன வண்டி நிறுத்தாதீங்க, வியாபாரம் கெடுது’ என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ‘சரி யக்கா’ என்பார். மறுநாளும் அதே இடத்தில் நிறுத்துவார்.

முதல் சண்டை ஊக்கு வாங்க வந்த அன்று. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளைக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. அம்மாவும் மாமியாரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வளையல் தேர்ந்துகொண்டிருந்தார்கள். நர்ஸம்மா ஊக்கை வாங்கிக்கொண்டு போகாமல், அந்தப் பிள்ளை கையில் ஏற்கெனவே கிடந்த கண்ணாடி வளையலுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

“இது எப்ப போட்டது?”

“பொங்கலுக்குப் போட்டது” என்றாள் மாமியார்.

“நான் உங்களைக் கேக்கல. நீ சொல்லு தாயி.”

அந்தப் பிள்ளை மாமியாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். “பொங்கலுக்குத்தான். அப்ப லூசா இருந்துச்சு. இப்ப பிடிக்குது.”

“உடம்பு பூசியிருக்கால்லா, அதான்” என்று அம்மா சிரித்தாள். நானும் வியாபாரியாயிற்றே, சும்மா இருப்பேனா? “பிள்ளத்தாச்சி கை பூசுனாத்தான் அழகு” என்று எடுத்துக் கொடுத்தேன்.

நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “யக்கா, பூசுறது வேற, வீங்குறது வேற. நீங்க வளையலைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பிரஷர் பார்க்கிற மிஷினை எடுத்து என் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். நேற்று வந்த புதுச் சரக்குமேல்! எனக்கு வந்ததே கோபம்.

“இது கடையா, ஆஸ்பத்திரியா?”

“ரெண்டு இடத்துலயும் கையைத்தான பாக்கோம்” என்றார், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிரஷர் அதிகமாக இருந்தது. வளையலும் வாங்க விடாமல் மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வியாபாரம் போன வயிற்றெரிச்சலில் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. அந்தப் பிள்ளை பிழைத்ததும், குறைமாசத்துக் குழந்தை தேறியதும் பிறகு கேள்விப்பட்டது. கேள்விப்பட்ட பிறகும் எனக்கு முழுசாகக் கோபம் தீரவில்லை. இதுதான் என் புத்தி.

பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், கோயில் வாசலில், எங்கே வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்த்தாலும் அவர் விரல் சும்மா இருக்காது. கையைப் பிடித்து வளையலுக்குள் விடுவார். குனிந்து கால் மெட்டியைத் திருகிப் பார்ப்பார். கண்டக்டர் ஒருத்தர், ‘என்னம்மா, ஜோசியமா?’ என்று கேட்டதற்கு, ‘ஆமா, ஆயுசு பாக்கேன்’ என்றாராம்.

ஆனால் ‘எப்படி இருக்கே?’ என்று மட்டும் எவளையும் கேட்க மாட்டார். ஒருநாள் கடையில் உட்கார்ந்து சாப்பிடும்போது கேட்டேன், ஏன் அப்படி என்று. “நம்ம பக்கத்துப் பொம்பளைகிட்ட அதைக் கேட்டா, உயிர் தொண்டைக்குழியில நின்னாலும் ‘ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்’னுதான் சொல்லுவா. சத்தம் போடாம பெத்தவதான் கெட்டிக்காரின்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டோம். கேக்கிற விதமாக் கேக்கணும் யக்கா.” அவர் கேட்கிற விதமே தனி. நேத்து எத்தனை கட்டை தீக்குச்சி அடுக்கினே? போன வாரம் எத்தனை அடுக்கினே? ஏன் குறைஞ்சது? அடுக்கும்போது ஒரு குச்சி ரெண்டாத் தெரியுதா? எழுந்து நின்னா கண்ணுல மின்னலடிக்குதா? தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிக் கேட்டால் வெட்கம், வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் திறந்துவிடும். அதில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பதில் அந்தப் பிள்ளை வாயிலிருந்துதான் வர வேண்டும். புருஷன் சொன்னாலும் ஆகாது, பெற்றவள் சொன்னாலும் ஆகாது. ‘நான் உங்களைக் கேக்கல’ என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அஞ்சு நிமிஷமானாலும் நிற்பார். ஊர்ப் பெரிய மனுஷன் ஒருத்தர் தன் மருமகளுக்காகப் பதில் சொல்லப் போய், ‘அண்ணாச்சி, பிள்ளை உங்க வயித்துலயா இருக்கு?’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். இதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டு ஆம்பளைகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு தரம் நல்ல வசதியான வீட்டுப் பெண், வளைகாப்புப் பந்தியில் இலை போட்டாயிற்று. இவர் போய் வளையலுக்குள் விரலை விட்டார். நுழையவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவளை எழுப்பி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார். பார்த்தால் பிரஷருமில்லை, ஒன்றுமில்லை. வீட்டாள்கள் அவரை நடுத்தெருவில் வைத்து நாறடித்தார்கள். நேரே என் கடைக்கு வந்தார். அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை.

“அந்தப் பிள்ளைக்கு வளையல் நீங்கதான போட்டீங்க?”

“ஆமா. என்ன அழகா நின்னுச்சு, பாத்தீங்கல்லா?”

“அதுதான் வினை. நீங்க முதல்லயே இறுக்கிப் போட்டுட்டா, அப்புறம் வீங்குனது எனக்கு எப்படித் தெரியும்? வளைகாப்பு வளையலை ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க. என் சுண்டுவிரல் நுழைய இடம் விடுங்க. அது போதும்.”

“உங்க விரலுக்கு அளவெடுத்து நான் யாவாரம் பண்ண முடியாது. ஊரே கூடி நிக்கையில வளையல் கழண்டு விழுந்தா என்னைத்தான் சொல்லும். அதோட, ஒண்ணுமில்லாத பிள்ளையைப் பந்தியில இருந்து எழுப்புனீங்களே, அது மட்டும் சரியா?”

“ஒண்ணுமில்லைன்னு மிஷின் சொல்லட்டும் யக்கா. மாமியார் சொல்லக் கூடாது.”

நான் முடியவே முடியாது என்றேன். அவர் வாராவாரம் வந்து கேட்டார். வாராவாரம் முடியாது என்றேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடந்த சண்டை அது.

முத்துமாரி என்ற பிள்ளைத்தாச்சி வளைகாப்பு வளையல் போட்டுக்கொள்ளக் கடைக்கு வந்தது அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான். தாய் இல்லாத பிள்ளை. புருஷன் திருப்பூரில். காலனித் தெரு. மாமியார் கூட வந்திருந்தாள். ‘எங்க பிள்ளைக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைக மாதிரி இறுக்கமா நிக்கணும் தாயி’ என்று என்னிடம் கேட்டாள். கைக்கு இருபத்தொரு வளையல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினேன். ஏற்றும்போது அவள் மணிக்கட்டில் என் பெருவிரல் அழுந்திய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு, “நல்ல உடம்புவாகு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதை இன்றைக்கும் என்னால் சும்மா சொல்லிவிட முடியவில்லை.

நாலாம் நாள் காலையில் ஓர் ஆட்டோ கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே முத்துமாரி மாமியார்மேல் சாய்ந்து கிடந்தாள். முகம் வீங்கி அதைத்து, கண் இடுங்கியிருந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்த நர்ஸம்மா இறங்கவில்லை. அங்கிருந்தே கத்தினார்.

“யக்கா, கடையைச் சாத்துங்க. நீங்க ஏத்துன வளையலை நீங்கதான் இறக்கணும். ஏறுங்க.”

கடையைச் சாத்தினேன். சோப்பை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

அது எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சீட்டு எழுதிக் கொடுத்து, வார்டில் படுக்க வைத்து, பிரஷர் பார்த்தார்கள். ‘கொஞ்சம் கூடத்தான் இருக்கு, மாத்திரை குடுப்போம், டாக்டர் பெறவு வருவாவ, வளையலை அப்ப பாத்துக்கிடலாம்’ என்றார்கள். நர்ஸம்மாவுக்கு அன்று ஊரில் தடுப்பூசி நாள். கைப்பிள்ளைகளோடு தாய்மார்கள் காத்திருந்தார்கள். போகாமல் முடியாது. என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“பன்னெண்டு மணிக்குள்ள வாரேன். நீங்க அவ பக்கத்துல இருங்க. அவ என்ன சொல்லுதாளோ, அதை அப்படியே போய்ச் சொல்லுங்க. கூட்டாதீங்க, குறைக்காதீங்க. கேக்கலைன்னா மறுபடி சொல்லுங்க.”

“நான் போய்ச் சொன்னா கேப்பாவளா?”

“என்கிட்ட எத்தனை மாசமா முடியாது முடியாதுன்னு நின்னீங்க! அதே மாதிரி அங்கன போய் நில்லுங்க.”

கொஞ்ச நேரத்தில் முத்துமாரி தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். வார்டில் டூட்டியில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, “ஏட்டி, வாயை மூடு. புருஷன்கிட்ட படுக்கையில இனிச்சுது, இப்ப வலிக்குதாக்கும்?” என்றாள். வார்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கும் பழகிப்போன பேச்சு. முத்துமாரி வாயை மூடிக்கொண்டாள். அதோடு ஒரு சத்தமும் இல்லை.

குனிந்து அவள் காதோரம் கேட்டேன். எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. “மேல ஃபேன் எத்தனை தெரியுது தாயி?”

“ரெண்டு” என்றாள். ஒன்றுதான் இருந்தது.

போய்ச் சொன்னேன். “நீங்க யாரு அவளுக்கு?” என்று கேட்டாள் அந்தப் பெண். வளையல் கடைக்காரி என்றேன். சிரித்துவிட்டாள். “உங்களைப் பாத்தா பெரிய இடமாத் தெரியுது. காலனிப் பிள்ளைக்கு நீங்க எதுக்கு அலையுதீங்க? அவளுகளுக்கு எல்லாத்துக்கும் கூப்பாடுதான்.”

“அவ எங்க கூப்பாடு போடுதா? நீங்கதான் வாயை மூடச் சொல்லிட்டீங்களே!”

“போங்கம்மா, போய் உக்காருங்க.”

திரும்பி வந்தேன். “நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்கு யக்கா, தலை பிளக்குது” என்றாள் முத்துமாரி. மறுபடி போய்ச் சொன்னேன். எதுக்களிப்பாக இருக்கும், சோடா வாங்கிக் கொடுங்கள் என்றாள் அந்தப் பெண். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நேரே டாக்டர் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே போகக் கூடாது என்றார்கள். உள்ளே போகவில்லை, வாசலில் குறுக்கே நின்றேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் இடித்தார்கள். நகரவில்லை. கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்தார். என் மகள் வயசு இருக்கும்.

“அம்மா, எனக்கு வைத்தியம் தெரியாது. உள்ள முத்துமாரின்னு ஒரு பிள்ளை கிடக்கா. தலை பிளக்குதுங்கா. ஃபேன் ரெண்டாத் தெரியுதுங்கா. நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிக்குங்கா. ரெண்டு தரம் சொல்லியாச்சு, யாரும் காதுல வாங்கல. இதுல ஒரு வார்த்தைகூட என் வார்த்தை இல்ல.”

நான் முடிக்கும் முன்னே அந்த அம்மா ஓடினார். பிரஷர் பார்த்தார். நாலு பேரைக் கூப்பிட்டார். உடனே ஊசி, உடனே ஆபரேஷன் என்றார். முத்துமாரி கையைத் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். “இந்தக் கையில நான் எங்கன ஊசி ஏத்த?”

சோப்பைத் தடவினேன். கட்டைவிரலை மடக்கினேன், திருகினேன். என் வித்தை எல்லாம் காட்டினேன். ஒரு வளையல் அசையவில்லை. உடைக்கத்தான் வேண்டும். மாமியார் என் காலைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம் தாயி, பிள்ளை பிறக்கு முன்ன வளைகாப்பு வளையலை உடைச்சா ஆகாது. எம் மகன் அங்க தனியாக் கிடக்கான்.” அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் நானும் ஒரு வளைகாப்பு வளையலை உடைத்ததில்லை. ஒன்று கீறல் விட்டாலே அன்று பூராவும் எனக்குச் சோறு இறங்காது.

“நான் உங்களைக் கேக்கல” என்றேன் மாமியாரிடம். என் வாயிலிருந்துதான் வந்தது. “முத்துமாரி, நீ சொல்லு. உடைக்கவா?”

“உடைங்க யக்கா” என்றாள் அவள்.

துண்டைச் சுற்றி வைத்து அழுத்தினேன். நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றாக நொறுங்கிய சத்தம் துண்டுக்குள்ளேயே அடங்கிப்போனது. அவள் தோலில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன். என் உள்ளங்கையில் இரண்டு இடத்தில் சில்லு ஏறியது அப்புறம்தான் தெரிந்தது. ஆபரேஷன் மேஜையில் அவளுக்கு ஒரு தரம் வெட்டு வலிப்பு வந்து கையும் காலும் இழுத்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாலும் நன்றாக அழுதது.

நர்ஸம்மா பன்னிரண்டரைக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தார். நன்றி, கின்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணாடிச் சில்லை எடுத்தார். அப்போது எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மணிக்கட்டில் பள்ளம் விழுந்ததைப் பார்த்தேன், பார்த்தும் சொல்லாமல் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“இனிமே பாத்தாச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். மறு வாரத்திலிருந்து வளைகாப்புக்கு ஒரு சைஸ் பெரிசாகத்தான் கொடுக்கிறேன். கேட்டு வருகிறவர்கள் முகம் சுளித்தால், வேறு கடை பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

அதோடு அவர் விடுகிற ஆளா? பிள்ளைத்தாச்சியோடு நம்பிக்கையான ஒரு பொம்பளை பிரசவ வார்டுக்குள் கூட இருக்க வேண்டும், யாரும் துரத்தக் கூடாது என்று அலைய ஆரம்பித்தார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டார், பதிலில்லை. நேரில் போனார், உட்காரவே சொல்லவில்லை. உனக்கெதுக்கு இந்த வேலை, இடம் மாற்றிவிடுவோம் என்று ஒருத்தர் மிரட்டியதாகவும் கேள்வி. ‘மாத்தட்டும். அங்கனயும் பொம்பளைக பிள்ளை பெறத்தான செய்வாக’ என்றார். (பிறகு மாற்றத்தான் செய்தார்கள்.) இரண்டு மாசம் கழித்து, ஆஸ்பத்திரியில் பெரிய அதிகாரி வந்து நடத்துகிற கூட்டத்துக்கு முத்துமாரியையும் குழந்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நீள மேஜை. சுற்றிலும் டாக்டர்கள், நர்சுகள். அந்த வார்டுப் பெண்ணும் ஓர் ஓரத்தில் இருந்தாள். “என்ன குறைன்னு சொல்லுங்க நர்ஸம்மா” என்றார் அதிகாரி.

“குறை என்னுது இல்ல சார். இந்தப் பிள்ளையைக் கேளுங்க” என்று உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் முத்துமாரியைப் பார்த்தார்கள். குழந்தையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றினாள். யாரோ ‘நீங்களே சொல்லிருங்களேன்’ என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. நர்ஸம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். காத்திருந்தோம். அந்த அறையில் யாராலும் தாங்க முடியாத அளவுக்குக் காத்திருந்தோம்.

அப்புறம் அவள் சொன்னாள். தலைவலியைச் சொன்னாள். ஃபேனைச் சொன்னாள். வாயை மூடச் சொன்னதையும், புருஷனைச் சேர்த்துக் கேட்ட அந்தக் கேள்வியையும், அத்தனை ஆம்பளைகள் நடுவில், ஒரு சொல் விடாமல், மெல்லிய குரலில் சொன்னாள். ஓரத்தில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நர்ஸம்மா பக்கம் திரும்பி, “அப்படியா நர்ஸம்மா?” என்று கேட்டார்.

“அவ சொல்லுதால்லா சார்? அப்புறம் என்னை எதுக்குக் கேக்கீங்க?”

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு பேனாவைத் திறந்து, முத்துமாரியைப் பார்த்து, “எழுதிக்கிடுதேன். முதல்ல இருந்து சொல்லும்மா” என்றார்.

முத்துமாரி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தரம் வராந்தா வரைக்கும் கேட்டது.